தாத்தா பெட்டியில் பழைய தோட்டா இருக்கா? ‘ரீலோடிங்’ வீடியோ பார்த்துட்டு கை வைக்காதீங்க!

ஆம்பூரிலோ வாணியம்பாடியிலோ ஒரு பழைய வீடு என்று வைத்துக்கொள்வோம். பொங்கலுக்கு வெள்ளையடிக்க வேண்டும் என்பதற்காகப் பரணைக் காலி செய்கிறீர்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டிக்குள் தடித்த தோல் பெல்ட் ஒன்று கிடக்கிறது. அதில் வரிசையாகத் தைத்த தோல் வளையங்கள். ஒவ்வொரு வளையத்திலும் விரல் நீளத்துக்கு ஒரு பித்தளைத் தோட்டா. பித்தளை மேலே பச்சையாக ஏதோ பூத்திருக்கிறது.

அடுத்து என்ன செய்வீங்க? போட்டோ எடுத்து கூகுள் லென்ஸில் போடுவீங்க. அது உங்களை நேராக யூடியூபுக்குக் கொண்டுபோகும். அங்கே அமெரிக்காவில் ஒரு தாத்தா தன் வீட்டு கராஜில் உட்கார்ந்து, காபி குடித்துக்கொண்டே, சுட்டுப்போட்ட காலித் தோட்டாக்களை மறுபடி நிரப்பிக்கொண்டிருப்பார். ‘ஹேண்ட்லோடிங்’, ‘ரீலோடிங்’ என்று பெயர். மீன் பிடிப்பது போல, தபால்தலை சேர்ப்பது போல அங்கே அது ஒரு பொழுதுபோக்கு. கருவிகள் கடையில் கிடைக்கும்.

அதே வேலையை நீங்கள் இங்கே செய்தால் குறைந்தபட்ச தண்டனை ஏழு ஆண்டு. அதிகபட்சம் ஆயுள்.

ஒரே வேலைக்கு அங்கே லைக்கும் இங்கே ஜெயிலும் ஏன்? இந்தக் கேள்விக்கான பதிலில் வேலூர் கோட்டையும் வருது, ஏலகிரி சிறுத்தையும் வருது, ஆப்கன் எல்லையில் இருந்த ஒரு பழைய துப்பாக்கியும் வருது. முதலில் அந்தப் பச்சை என்ன என்று பார்த்துவிடலாம்.

பச்சையா பூத்திருக்கிறது என்ன?

நம்ம வீட்டில் பாட்டிகள் சொல்லும் அதே களிம்புதான். பித்தளையில் செம்பு இருக்கிறது. செம்பில் அமிலமும் ஈரமும் பட்டால் களிம்பு பிடிக்கும். சரி, பரணில் அமிலம் எங்கிருந்து வந்தது? அந்தத் தோலில் இருந்துதான்.

இன்று ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை டேனரிகளில் பெரும்பாலும் குரோமியம் உப்பு போட்டுத்தான் தோல் பதனிடுகிறார்கள். அதற்கு முன்னால் இந்தப் பகுதியின் தோல், ஆவாரம்பட்டை போன்ற மரப்பட்டைகளில் ஊறித்தான் பதமானது. பட்டையில் இருக்கும் டானின் என்ற பொருள்தான் தோலை அழுகாமல் காப்பாற்றுகிறது. அதே டானின்தான் மழைக்கால ஈரத்தோடு சேர்ந்து பித்தளையை அரிக்கிறது. அதனால்தான் தோட்டாவை வைத்துப் புழங்குகிறவர்கள் உலகம் முழுக்க ஒரு விஷயத்தில் கறாராக இருப்பார்கள்: தோல் பெல்ட் காட்டுக்குப் போகும்போது மட்டும், வீட்டுக்கு வந்ததும் தோட்டாவைக் கழற்றி வைத்துவிட வேண்டும். உங்க தாத்தா மறந்துட்டார், அவ்வளவுதான்.

களிம்புன்னதும் புளி போட்டுத் தேய்க்கத் தோணும். தேய்க்காதீங்க. களிம்பு அரித்த பித்தளைச் சுவர் எவ்வளவு மெலிந்திருக்கிறது என்று வெளியில் இருந்து பார்த்தால் தெரியாது. உள்ளே இருக்கும் மருந்தும் பிரைமரும் ஐம்பது, அறுபது வருடத்தில் என்ன ஆகியிருக்கும் என்றும் தெரியாது.

ஒரு தோட்டாவுக்குள் என்னதான் இருக்கு?

நாலே பொருள். வெளியே பித்தளைக் கூடு. அதன் அடியில் கம்மல் திருகு அளவுக்கு ஒரு சின்ன மூடி, அதுதான் பிரைமர். கூட்டுக்குள் வெடிமருந்து. வாயில் செருகியிருக்கும் ஈயக் குண்டு. விசையை அழுத்தினால் ஊசி பிரைமரைத் தட்டும், பிரைமர் பொறியைக் கொடுக்கும், மருந்து எரிந்து வாயுவாகும், வாயு குண்டைத் தள்ளும். குண்டு போய்விடும், மருந்து எரிந்துவிடும், பிரைமர் செத்துவிடும். மிச்சம் இருப்பது கூடு மட்டும்.

ஒரு தோட்டாவில் விலை அதிகமான பாகம் பெரும்பாலும் அந்தக் கூடுதான். அதைத் தூக்கிப் போட யாருக்கு மனசு வரும்? ஹேண்ட்லோடிங் பிறந்த கதை இவ்வளவுதான். 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்கச் சமவெளிகளில் காட்டெருமை வேட்டையாடியவர்கள் ஊருக்குத் திரும்பக் கடைக்குப் போக முடியாது. ராத்திரி கேம்ப்பில் உட்கார்ந்து ஈயத்தை உருக்கிக் குண்டு வார்த்து, பகலில் சுட்ட கூடுகளை நிரப்பிக்கொண்டார்கள். அவர்கள் கையில் இருந்தது பெரிய துளை கொண்ட ஒற்றைத் தோட்டா ரைஃபிள்கள். ஒரு முறைக்கு ஒன்றுதான் போட முடியும்.

அந்தக் காலத் தோட்டாக்களின் பெயரிலேயே அளவு இருக்கும். ‘45-70’ என்றால் குண்டின் விட்டம் ஏறத்தாழ 0.45 அங்குலம், உள்ளே 70 கிரெய்ன் கரும்மருந்து. கிரெய்ன் என்றால் தானியம். ஒரு பவுண்டில் 7,000 கிரெய்ன். நம்ம ஊர் ஆசாரிகள் குன்றிமணியை வைத்துத் தங்கம் நிறுத்தது போலத்தான் இதுவும். 70 கிரெய்ன் என்பது நாலரை கிராம். நகைக்கடைக் கணக்கில் அரை சவரனுக்குக் கொஞ்சம் மேலே. இந்த அளவைக் கையால் நிறுத்துப் போடும்போது தப்பு எவ்வளவு சின்னதாக இருந்தாலும் அது பெரிய தப்புதான்.

வீடியோவில் ஈஸியா தெரியுதே?

தெரியும். காலிக் கூட்டைத் துடைத்து, விரிசல் இருக்கிறதா என்று பார்த்து, பழைய பிரைமரைத் தட்டி எடுத்து, அழுத்தத்தில் விரிந்துபோன கூட்டை அச்சில் அழுத்திப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து, புதுப் பிரைமர், மருந்து, குண்டு என்று வரிசையாகப் போய், கடைசியில் வாயை லேசாகக் குண்டோடு சேர்த்து இறுக்குவார்கள். ஒவ்வொரு படியும் தையல் மிஷின் ஓட்டுற மாதிரி சத்தமில்லாமல் நடக்கும். ஆனால் வீடியோவில் தெரியாத சில விஷயங்கள் இருக்கின்றன. பெரிய துளைத் தோட்டாக்களில் அவை இன்னும் மோசம்.

பழைய பெரிய கூடுகள் கரும்மருந்துக்காகச் செய்தவை. கரும்மருந்து இடத்தை அடைக்கும். அளவு கூடிப்போனால் வழிந்து காட்டிக்கொடுக்கும். 1880-களில் வந்த புகையில்லா மருந்து அப்படி இல்லை. கொஞ்சத்திலேயே பெரிய சக்தி. பழைய பெரிய கூட்டில் அதைப் போட்டால் சில வகைகள் பாதி இடத்தைக்கூட நிரப்பாது. அப்போது போன் அடித்து, எடுத்துப் பேசிவிட்டு வந்து, அதே கூட்டில் மறந்துபோய் இன்னொரு அளவு போட்டால்? வழியாது. கண்ணுக்குத் தெரியாது. சுடும்போதுதான் தெரியும். துப்பாக்கி வெடித்து விரல் போன விபத்துகளுக்குப் பின்னால் அடிக்கடி இருப்பது இந்த இரட்டை அளவுதான்.

லீவர் ரைஃபிள்களில் தனியாக ஒரு வில்லங்கம் உண்டு. கவ்பாய் படங்களில் கைப்பிடிக்குக் கீழே இருக்கும் வளையத்தை முன்னும் பின்னும் தள்ளி ‘சடக் சடக்’ என்று சுடுவார்களே, அதுதான் லீவர் ரைஃபிள். இதில் பல மாடல்களில் தோட்டாக்கள் குழாய்க்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். பின்னால் இருக்கும் தோட்டாவின் மூக்கு, முன்னால் இருக்கும் தோட்டாவின் பிரைமரைத் தொட்டுக்கொண்டிருக்கும். மூக்கு கூர்மையாக இருந்து, சுடும் அதிர்ச்சியில் குத்திவிட்டால், குழாய்க்குள்ளேயே வெடிக்கும். அதனால் இவற்றுக்குத் தட்டை மூக்குக் குண்டுதான். வாயை இறுக்குவதும் சரியாக இருக்க வேண்டும்; இல்லையென்றால் ஸ்பிரிங் அழுத்தத்தில் குண்டு கூட்டுக்குள் இறங்கி அழுத்தத்தைக் கூட்டிவிடும்.

நம்ம ஊருக்கே உரிய இன்னொரு வில்லன், வெயில். பிரிட்டிஷ் காலத்துப் பெரிய வேட்டைத் தோட்டாக்களில் இருந்தது கார்டைட் என்ற மருந்து. பார்க்கச் சேமியா மாதிரி நீள நீளமாக இருக்கும். வெப்பம் ஏறினால் இது எரியும் வேகமும் ஏறும். லண்டன் குளிருக்குச் சரியாக இருந்த அளவு, இந்திய மே மாதத்தில் அழுத்தத்தைக் கூட்டி, சுட்ட கூட்டை வெளியே எடுக்க முடியாமல் சிக்கவைத்தது. அதனால் ‘டிராபிக்கல்’ என்று அச்சிட்டு, அளவு குறைத்த தோட்டாக்களைத் தனியாகத் தயாரித்து இங்கே அனுப்பினார்கள். வேலூர் மே மாத வெயில் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லணுமா?

கார்டைட் பற்றிப் பேசியதால் ஒரு தகவல். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைத் தயாரிக்க பிரிட்டிஷார் தேர்ந்தெடுத்த இடம் நீலகிரி. குன்னூர் பக்கம் அரவங்காட்டில் இருக்கும் கார்டைட் ஃபேக்டரிதான் அது. ஊட்டி ரயிலில் போகும்போது பார்த்திருப்பீர்கள். இன்றும் அரசு நிறுவனமான மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் ராணுவத்துக்கு வெடிமருந்து செய்கிறது.

ஏலகிரிக்கு வந்த லீவர் ரைஃபிள்

இந்தப் பக்கம் லீவர் ரைஃபிள் என்றால் நினைவுக்கு வரும் பெயர் ஒன்றுதான்: கென்னத் ஆண்டர்சன். 1910-ல் ஹைதராபாத் பக்கம் பிறந்து, பெங்களூரில் வாழ்ந்து, 1974-ல் அங்கேயே இறந்தவர். ஜவளகிரி, அஞ்செட்டி, பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளைப் பற்றி எழுதியதால் அவரை ‘தெற்கின் ஜிம் கார்பெட்’ என்பார்கள். ஆட்களைத் தாக்கிய ஏலகிரிச் சிறுத்தை பற்றியும் எழுதியிருக்கிறார். ஆம்பூரிலிருந்து வீக்எண்டுக்கு பைக்கில் ஏறிப் போகிறோமே, அதே ஏலகிரிதான்.

அவர் கையில் பெரும்பாலும் இருந்தது வின்செஸ்டர் 1895 மாடல் லீவர் ரைஃபிள். தோட்டா, பாயின்ட் 405 வின்செஸ்டர். குண்டின் எடை 300 கிரெய்ன், அதாவது 19 கிராமுக்கு மேல். இரண்டரை சவரன் சங்கிலி அளவு எடை என்று நினைத்துக்கொள்ளுங்கள். ஜான் பிரவுனிங் வடிவமைத்த இந்த ரைஃபிளில் குழாய் கிடையாது, பெட்டிதான். அதனால் மூக்குப் பிரச்சினையும் கிடையாது. அமெரிக்க அதிபராக இருந்த தியோடர் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குச் சிங்க வேட்டைக்குப் போனபோது எடுத்துப்போனதும் இதே 405 தான்.

ஆனால் 1940-க்குள் வின்செஸ்டர் இந்த மாடலை நிறுத்திவிட்டது. பிறகு தோட்டாவும் கடைகளில் இருந்து மறைந்தது. ரைஃபிள் இருக்கிறது, தோட்டா இல்லை. செருப்பு இருக்கு, ஒரு கால் செருப்பு மட்டும் இருக்கு என்கிற நிலைமை. 2000-களின் தொடக்கத்தில் வின்செஸ்டர் மறுபடி 405 ரைஃபிளைக் கொண்டுவந்தபோதுதான் புதுத் தோட்டாவும் வந்தது. நடுவில் இருந்த வருடங்களில் அமெரிக்காவில் இந்த ரைஃபிளை உயிரோடு வைத்திருந்தது ஹேண்ட்லோடர்கள்தான். கூடு கிடைக்காதவர்கள் வேறு நீளத் தோட்டாவின் கூட்டை வெட்டி, அச்சில் வடிவம் மாற்றிச் செய்துகொண்டார்கள்.

அப்படிப் பார்த்தால் இது நல்ல விஷயம்தானே? கைவினை. பழைய பொருளைக் காப்பாற்றும் வேலை. எனக்கும் அப்படித்தான் தோன்றியது, இந்தியாவில் இதே விஷயத்தை ஆட்சியாளர்கள் எப்படிப் பார்த்தார்கள் என்று படிக்கும் வரை.

வேலூர் கோட்டையில் தீர்ந்துபோன தோட்டா

1806 ஜூலை 10. வேலூர் கோட்டைச் சிப்பாய்கள் விடியும் முன் எழுந்தார்கள். புதுத் தலைப்பாகை, அதில் தோலால் செய்த குஞ்சம், நெற்றியில் குறி இடக் கூடாது, தாடி வைக்கக் கூடாது என்ற உத்தரவுகள் அவர்களைக் கொதிக்க வைத்திருந்தன. தோல் என்ற வார்த்தை இந்த மாவட்டத்தின் சரித்திரத்தில் முதலில் பெரிதாக அடிபட்டது டேனரியால் இல்லை, அந்தக் குஞ்சத்தால்தான்.

அன்று எல்லாமே கையால் கெட்டிக்கும் துப்பாக்கிகள். காகிதத்தில் சுற்றிய மருந்தும் குண்டும்தான் தோட்டா. பல்லால் கடித்துப் பிரித்து, மருந்தைக் குழாயில் கொட்டி, குண்டைப் போட்டுக் கம்பியால் இடித்து இறக்க வேண்டும். உயிர் தப்பிய சில பத்து ஆங்கிலச் சிப்பாய்கள் கோட்டை மதில் மேல் ஒரு மூலையில் ஒதுங்கி நின்றார்கள். அவர்களிடம் துப்பாக்கி இருந்தது. தோட்டா தீர்ந்துவிட்டது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்த கில்லெஸ்பி கயிற்றைப் பிடித்து மதிலேறி, அவர்களைத் துப்பாக்கி முனைக் கத்தியோடுதான் பாய வைத்தார். பிறகு அவருடைய பீரங்கிகள் வந்து கதவை உடைத்தன. அதற்குப் பிறகு கோட்டைக்குள் நடந்தது பெரும் படுகொலை.

1857 கதை எல்லோருக்கும் தெரியும். கொழுப்பு தடவிய காகிதத் தோட்டா. அதைக் கடிக்கச் சொன்னதில் தொடங்கிய நெருப்பு. 1878-ல் ஆயுதச் சட்டம் வந்தது; இந்தியர்கள் ஆயுதம் வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியர்களுக்கு விலக்கு.

இதுவரை பள்ளிக்கூடப் பாடம். அடுத்து வருவது பாடப் புத்தகத்தில் இல்லாதது. நம்ம சப்ஜெக்ட்டுக்கு நேராக வருவதும் அதுதான்.

ஒரு பயம், உலகத்தின் துப்பாக்கிகளை மாற்றியது

1871-ல் பிரிட்டிஷ் படைக்கு வந்தது மார்ட்டினி ஹென்றி. ஒற்றைத் தோட்டா ரைஃபிள். அடியில் ஒரு லீவர். அதைக் கீழே தள்ளினால் வாய் திறக்கும், ஒரு தோட்டா வைக்கலாம், மேலே இழுத்தால் மூடும். குண்டு 480 கிரெய்ன், கிட்டத்தட்ட நாலு சவரன். ஆரம்பத்தில் இதன் கூடு மெல்லிய பித்தளைத் தகட்டைச் சுருட்டிச் செய்தது. சூடான துப்பாக்கியில் அது கிழிந்து சிக்கிக்கொள்ளும். 1885-ல் சூடானில் நடந்த சண்டையில் சிப்பாய்கள் இதனால் திணறினார்கள். பிறகு கெட்டியான இழுத்த பித்தளைக் கூடு வந்தது. அதாவது, மறுபடி நிரப்பக்கூடிய கூடு.

காலப்போக்கில் ராணுவம் புது ரைஃபிளுக்கு மாறியது. ஆனால் மார்ட்டினிகள் மறையவில்லை. ஆப்கன் எல்லைப்புறத்தில் பழங்குடியினர் கைக்கு நிறையப் போய்ச் சேர்ந்தன. தர்ரா ஆதம் கேல் பட்டறைகளில் அதைப் பார்த்து அப்படியே காப்பி அடித்தும் செய்தார்கள். துப்பாக்கி போனது போகட்டும், தோட்டா கிடைக்காமல் செய்தால் போதும் என்று அரசு நினைத்தது. அங்கேதான் இடித்தது.

அந்தச் சமயம் யானை, புலி வேட்டைக்கு வெள்ளைக்கார துரைமார்கள் விரும்பி வாங்கியது பாயின்ட் 450 அளவு பெரிய ரைஃபிள்கள். மார்ட்டினியின் குண்டும் ஏறத்தாழ அதே அளவு. துரைக்கு வரும் தோட்டா பார்சல் வழியில் காணாமல் போனால்? குண்டையும் மருந்தையும் பிரித்தெடுத்து மார்ட்டினி கூட்டில் நிரப்பிவிட்டால்?

20-ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிரிட்டிஷ் அரசு, இந்தியாவுக்கும் சூடானுக்கும் பாயின்ட் 450 தோட்டா இறக்குமதியைத் தடை செய்தது. சொந்த அதிகாரிகள், மகாராஜாக்கள், பணக்கார வேட்டைக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான். லண்டன் துப்பாக்கிக் கம்பெனிகள் தலையில் கை வைத்தன. அவர்களுக்கு இந்தியா பெரிய மார்க்கெட். உடனே தடைசெய்த அளவுக்கு மேலே புது அளவுகள் வந்தன: 465, 470, 475, 476. ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் செய்த 465-க்கு ‘இந்தியா’ என்றே செல்லப்பெயர். இன்று ஆப்பிரிக்க சஃபாரியில் புகழ்பெற்ற 470 ரைஃபிள் அந்த இடத்தைப் பிடித்ததற்கு ஒரு காரணம், இந்தியாவில் யாரோ ஒருவர் ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் உட்கார்ந்து கூட்டை நிரப்பிவிடுவார் என்ற பயம்.

துப்பாக்கியை எண்ணிவிடலாம், நம்பர் போடலாம், பதிவு செய்யலாம். தோட்டா கையிருப்பு தீர்ந்தால் துப்பாக்கி வெறும் இரும்பு. ஆனால் கையால் நிரப்பத் தெரிந்தவர் ஒருத்தர் இருந்தால் அந்தக் கணக்கு உடைந்துவிடும். இந்தியச் சட்டம் இந்த விஷயத்தில் இவ்வளவு கெடுபிடியாக இருப்பதன் வேர் இங்கேதான் என்பது என் கணிப்பு. வெள்ளைக்காரன் போனான், பயம் போகவில்லை.

இப்போ சட்டம் என்ன சொல்லுது?

இப்போது நடைமுறையில் இருப்பது 1959 ஆயுதச் சட்டமும் 2016 ஆயுத விதிகளும். சட்டத்தின் இரண்டாவது பிரிவில் ‘அம்யூனிஷன்’ என்றால் என்ன என்று ஒரு பட்டியல் இருக்கிறது. முழுத் தோட்டா மட்டும் இல்லை. தோட்டாவின் பாகங்களும் அதில் அடக்கம். தோட்டா தயாரிக்கும் இயந்திரமும் அடக்கம். மறுபடி படிங்க: இயந்திரமும். வீடியோவில் பார்த்த அந்தக் கைப்பிடி பிரஸ், சட்டத்தின் கண்ணில் தோட்டாவுக்குச் சமம். வெளிநாட்டு வெப்சைட்டில் ஆர்டர் போட்டால் கஸ்டம்ஸில் நிற்கப்போவது பார்சல் மட்டும் இல்லை.

ஐந்தாவது பிரிவு: லைசென்ஸ் இல்லாமல் ஆயுதமோ தோட்டாவோ தயாரிக்கக் கூடாது. இங்கேதான் பலருக்கும் குழப்பம். ‘எங்க வீட்டில் துப்பாக்கி லைசென்ஸ் இருக்கே?’ அது வைத்துக்கொள்ள. தயாரிக்க வேறு லைசென்ஸ். மீறினால், 2019 திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது ஏழு ஆண்டு, அதிகபட்சம் ஆயுள். லைசென்ஸ் இல்லாமல் தோட்டாவை வெறுமனே வைத்திருந்தால் இரண்டு முதல் ஐந்து ஆண்டு.

ஏர்போர்ட் ஸ்கேனரில் பையின் ஓரத்தில் ஒரே ஒரு தோட்டா மாட்டி, விமானத்தையும் விட்டு, கேஸிலும் சிக்கியவர்கள் பற்றி அவ்வப்போது செய்தி வரும். இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிமன்றங்கள் பார்ப்பது ‘தெரிந்தே வைத்திருந்தாரா’ என்பதை. 1972-லேயே குன்வந்த்லால் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதைச் சொல்லிவிட்டது. பையில் இருந்ததே தெரியாது என்று நிரூபித்துத் தப்பியவர்கள் உண்டு. ஆனால் பெல்ட்டைப் போட்டோ எடுத்து ‘தாத்தா கலெக்‌ஷன்’ என்று இன்ஸ்டாவில் ஸ்டோரி போட்டபிறகு ‘தெரியாது’ என்று சொல்வது கஷ்டம்.

இன்னைக்கும் இங்கே கையால் நிரப்புகிறவர்கள் யார்?

405 வின்செஸ்டர்காரர்கள் இல்லை. ஜவ்வாது மலையிலும் பக்கத்து மலைக் கிராமங்களிலும் இருக்கும் நாட்டுத் துப்பாக்கிக்காரர்கள். இதில் கூடே கிடையாது. குழாய் வாய் வழியாக மருந்து, துணி அல்லது நார், ரவை என்று போட்டுக் கம்பியால் கெட்டிப்பார்கள். அதாவது 1806 தொழில்நுட்பம், அப்படியே.

இவர்களைச் சும்மா குற்றவாளி என்று எழுதிவிட்டுப் போக மனசு வரவில்லை. ராத்திரி ஒரே வேளையில் காட்டுப்பன்றிக் கூட்டம் கடலைக் காட்டை உழுதுவிட்டுப் போனால், அந்த வருடக் கடன் யார் தலையில்? ஆனால் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இன்று வேட்டை குற்றம். ஆண்டர்சனுக்கு இருந்த வழி இன்று அரசுக்கே லேசில் கிடையாது. 2021-ல் மசினகுடியில் ஆட்களைக் கொன்றதாகத் தேடப்பட்ட டி23 புலியைச் சுடாமல், மயக்க ஊசி போட்டு உயிரோடு பிடித்தார்கள். காட்டுப்பன்றி விஷயத்தில் 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு தளர்வு அறிவித்தது. காப்புக்காட்டில் இருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வந்தால் சுடலாம். ஆனால் சுட வேண்டியது வனத்துறை ஆட்கள், விவசாயி இல்லை.

நாட்டுத் துப்பாக்கியை ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று போலீஸ் மலைக் கிராமங்களில் அவ்வப்போது தண்டோரா போடுவதும், சிலர் ராத்திரியோடு ராத்திரியாகக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவதும் நடக்கிறது. கெட்டித்து வைத்த துப்பாக்கியைக் குழந்தை எடுத்து விளையாடியது, பன்றி என்று நினைத்துப் புதர் அசைவில் சுட்டது போன்ற செய்திகளும் நிற்கவில்லை. கையால் நிரப்பியதில் எவ்வளவு மருந்து என்று நிரப்பியவருக்கே நிச்சயமில்லை.

சரி, அந்தப் பெல்ட்டை என்ன பண்றது?

முதல் வேலை, தோட்டாக்களைப் பிடுங்காதீங்க, தேய்க்காதீங்க, பையில் போட்டு பஸ்ஸில் தூக்கிட்டுப் போகாதீங்க. லைசென்ஸ் இல்லாமல் எடுத்துச் செல்வதும் பிரச்சினைதான். இருந்த இடத்திலேயே விட்டுவிட்டு உள்ளூர் போலீஸ் ஸ்டேஷனுக்குத் தகவல் சொல்லுங்கள். முடிந்தால் எழுதிக் கொடுத்து, வாங்கிக்கொண்டதற்கு ஒப்புகை கேளுங்கள்.

பெட்டியில் துப்பாக்கியும் இருந்து, தாத்தாவின் லைசென்ஸும் இருந்தால் கதை வேறு. லைசென்ஸ்தாரர் இறந்தபிறகு ஆயுதத்தை வீட்டில் வைத்திருக்கும் உரிமை தானாகப் பேரனுக்கு வராது. ஆயுதச் சட்டத்தின் 21-ஆவது பிரிவுப்படி தாமதமில்லாமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற ஆயுத டீலரிடமோ ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்துவிட்டு, குடும்ப ஆயுதம் என்ற வகையில் வாரிசு தன் பெயருக்கு லைசென்ஸ் கேட்கலாம். 2016 விதிகளின் 25-ஆவது விதி இதற்கு வழி கொடுக்கிறது. லைசென்ஸ்தாரர் உயிரோடு இருந்தாலும் 70 வயது ஆகியிருந்தால், அல்லது 25 வருடம் அந்த ஆயுதத்தை வைத்திருந்தால், வாரிசுக்கு மாற்ற விண்ணப்பிக்கலாம். ஒருவருக்கு அதிகபட்சம் இரண்டு துப்பாக்கிதான். 2019 வரை மூன்று.

விண்ணப்பம் மாவட்ட ஆட்சியரிடம். பழைய லைசென்ஸ் புத்தகத்தில் ‘வட ஆற்காடு’ என்றோ ‘வேலூர்’ என்றோ போட்டிருக்கும். 2019 நவம்பரில் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபிறகு ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூரில். பேரணாம்பட்டு, குடியாத்தம் வேலூரிலேயே. ராணிப்பேட்டை தனி மாவட்டம். தப்பான கலெக்டர் ஆபீஸில் ஒரு நாள் லீவைத் தொலைக்காதீங்க.

சுட்டு முடித்த, துளை போட்ட, பிரைமர் செத்த காலிக் கூட்டைச் சாவிக்கொத்தில் மாட்டியிருப்பவர்களுக்கு: வேறு பாகங்களோடு சேர்த்துப் பயன்படுத்தும் எண்ணமில்லாத சின்னப் பாகங்களுக்கு 45-ஆவது பிரிவில் விலக்கு உண்டு. ஆனாலும் அதை மாட்டிக்கொண்டு ஏர்போர்ட் போய் சி.ஐ.எஸ்.எஃப். ஆளிடம் பிரிவு நம்பர் சொல்லி வாதாடும் அளவுக்கு உங்களுக்கு நேரம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டாக்கள் போனபிறகு பெல்ட் உங்களுக்குத்தான். அதுக்கு லைசென்ஸ் தேவையில்லை. வளையத்தில் ஒட்டிய களிம்பைக் காய்ந்த துணியால் துடைத்துவிட்டு, ஈரம் படாத இடத்தில் தொங்கவிடுங்கள். தோலை எப்படிப் பராமரிப்பது என்று ஆம்பூர்க்காரர்களுக்கு நாங்க சொல்லித் தர வேண்டியதில்லை.